கடலடி வரலாறு – 14: காளவாசலுக்குப் போன பவளப்பாறை

சென்ற வாரம் ஹெர்ட்மனும் ஹார்னெலும் முத்துச்சிப்பியைத் தேடி மன்னார் வளைகுடாவின் பார்களை அளந்த கதையைப் பார்த்தோம். தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்குப் பிறகு சிப்பி அந்த அளவுக்கு விளையவில்லை, ஏலமும் இல்லை. ஆனால் முத்துப்பார்களைக் கண்காணிக்கக் கடலுக்குள் இறங்கிய ஆய்வாளர்கள் இறங்குவதை நிறுத்தவில்லை. மூச்சுக்கருவியை முதுகில் கட்டிக்கொண்டு நேராகக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்ட முதல் தலைமுறை அது. எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் என்ற இருவரும் தூத்துக்குடிக் கடலடியில் கண்டதை 1960களில் தொடர்ச்சியாக எழுதி வெளியிட்டார்கள். சிப்பியைத் தேடிப் போனவர்கள் வேறொன்றையும் கண்டார்கள். கரைக்கும் தீவுகளுக்கும் அரணாக நின்ற பவளப்பாறை, கண்ணெதிரிலேயே பெயர்ந்து கரையேறிக்கொண்டிருந்தது.

மன்னார் வளைகுடாவில் பவளத்துக்கு வந்த ஆபத்தை அறிவியல் எப்படிக் கண்டுகொண்டது, கண்டுகொண்ட பிறகு எத்தனை காலம் காத்துக்கிடந்தது என்பதே இந்த வாரக் கதை. கண்டுகொண்ட வேகத்தைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது. காத்துக்கிடந்த காலத்தை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

கதை தொடங்கும் இடம் மண்டபம் கேம்ப். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர்களைக் கப்பலேற்றுவதற்கு முன் நிறுத்தி, காய்ச்சலும் அம்மையும் உண்டா என்று சோதித்த முகாம் அங்கே இருந்ததால் வந்த பெயர் அது. 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சென்னையில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1949இல் மண்டபத்துக்கு வந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இந்தியக் கடலாய்வின் தலைநகரம் ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்த மணற்கரைதான். மின்சாரம் அடிக்கடி போகும், குடிநீர் உப்புக்கரிக்கும் ஓர் ஊரில் இருந்துகொண்டு அவர்கள் செய்த வேலையின் தரத்தை இன்று அந்தப் பழைய ஆய்விதழ்களைப் புரட்டும்போது உணர முடிகிறது.

1969 ஜனவரியில் இந்த மண்டபம் கேம்பில் பவளங்களுக்கும் பவளப்பாறைகளுக்கும் என்றே ஒரு கருத்தரங்கு கூடியது. நடத்தியது இந்தியக் கடல் உயிரியல் சங்கம். உலகப் பவளப்பாறை ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டு மாநாட்டின் வரிசையில் முதலாவது என்று எண்ணப்படுவது இதுதான். இரண்டாவது 1973இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில், 'மார்க்கோ போலோ' என்ற கப்பலின் மேலேயே நடந்தது. இன்று ஆயிரக்கணக்கானோர் பெரிய நகரங்களில் கூடும் அந்த மாநாட்டின் முதல் வாசல் மண்டபம் கேம்ப் என்பது ராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தர வேண்டிய செய்தி. பாடப்புத்தகத்தில் அதற்கு இரண்டு வரி ஒதுக்கினால் போதும்.

அந்தக் கருத்தரங்கின் கட்டுரைத் தொகுதி 1972இல் வெளிவந்தது. அதில் மகாதேவனும் நாயரும் எழுதிய கட்டுரையே நமக்கு முக்கியம். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பவளப்பாறைகள் எங்கெங்கே இருக்கின்றன, அவற்றை எப்படி எடுக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அக்கட்டுரை விவரித்தது. அக்காலக் கணக்குகளின்படி மண்டபம் முதல் தூத்துக்குடி வரை ஆண்டுக்குச் சுமார் 60,000 கன மீட்டர் பவளக்கல் கடலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு லாரி ஆறு கன மீட்டர் கல் ஏற்றும் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்குப் பத்தாயிரம் லோடு. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மட்டும் நடக்கும் வேலை இது. அப்படியானால் அந்த மாதங்களில் நாளொன்றுக்கு எத்தனை லோடு என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எதற்காக இவ்வளவு கல்? பவளப்பூச்சி கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணத்தை இழுத்துத் தனக்கொரு கூடு கட்டிக்கொள்கிறது. அது செத்தபின் கூடு மிஞ்சும். அதன்மேல் அடுத்த தலைமுறை கட்டும். பாறை என்று நாம் சொல்வது இப்படிப் பல்லாயிரம் ஆண்டு சேர்ந்த கூட்டின் குவியல். அதில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். காளவாசலில் போட்டு எரித்தால் சுட்ட சுண்ணாம்பு. நீர் ஊற்றி நீற்றினால் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம், காரை பூசலாம், வெற்றிலைக்குத் தடவலாம். நிலக்கரியோடு மின்னுலையில் இட்டால் வெல்டிங் பட்டறைக்கான கார்பைடு கிடைக்கும். கற்கள் பெரிதாக இருந்தால் வெட்டிச் சதுரமாக்கிச் சுவர் கட்டலாம். சிமெண்ட் வருவதற்கு முன்னும், வந்த பிறகு வெகுகாலமும், இந்தக் கரையில் முருகைக்கல் என்ற இந்தப் பவளக்கல்தான் கைக்கெட்டும் கல். மலை தொலைவில், கடல் வாசலில்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயத்தின் இடிந்த சுவரை இன்றும் யாரும் பார்க்கலாம். காரை உதிர்ந்த இடங்களில் கல்லின் முகம் தெரியும். சிலவற்றில் மிளகளவுக் குழிகள் நெருக்கமாக, ஒவ்வொரு குழிக்குள்ளும் நட்சத்திரம்போல் மெல்லிய தகடுகள். சிலவற்றில் மூளையின் மடிப்பைப் போல் வளைந்து வளைந்து போகும் வாய்க்கால்கள். விரலை வைத்துப் பார்த்தால் குழியின் விளிம்பு இன்னும் சொரசொரக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரமும் ஓர் உயிர் உட்கார்ந்திருந்த இடம். இந்த உருண்டை வகைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். அரை மீட்டர் உயரக் கல் ஒன்று சுவருக்கு வந்தது என்றால் அது கடலில் ஐம்பது ஆண்டு வாழ்ந்திருக்கிறது என்று பொருள். கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் பழைய வீடுகளின் அடித்தளத்தில் இதே கல்தான் இருக்கிறது.

பழங்காலத்தில் எடுத்ததைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஓர் ஊர் தன் தேவைக்குக் கோயிலும் வீடும் கட்டிக்கொள்ள எடுத்தது வேறு. அதில் ஒரு பகுதி கடலே கரையில் ஒதுக்கிய கல், பகுதி நிலத்தில் மேடேறி நின்ற பழம்பாறை. பவளவியலாளர் சி.எஸ். கோபிநாத பிள்ளையும் இங்கிலாந்துப் புவியியலாளர் டேவிட் ஸ்டோடார்ட்டும் ராமநாதபுரம் கரையிலுள்ள இந்த மேடேறிய பாறைகளை ஆராய்ந்து 1972இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றின் வயது சுமார் 4,000 ஆண்டு. கடல்மட்டம் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்த காலத்தில் வளர்ந்து, நீர் வடிந்தபின் வெயிலில் காய்ந்து நின்றவை. 1950களுக்குப் பிறகு நடந்த கதையின் அளவு வேறு. ஆலையின் பசிக்குக் கரையில் ஒதுங்கியது போதவில்லை. உயிரோடு நின்றதில் கைவைத்தார்கள்.

வேலை நடந்த விதம் இது. வாடைக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் அடங்கும்போது வள்ளங்கள் தீவுகளை நோக்கிப் போகும். பாறைமேல் நீர் இடுப்பளவோ, ஆள் உயரமோ, இரண்டாள் ஆழமோ இருக்கும். கடப்பாரையோடு ஆட்கள் குதிப்பார்கள். மூச்சடக்கி முங்கிப் பாறையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, பெயர்ந்த கல்லை மேலே தூக்கி வள்ளத்தில் போடுவார்கள். சங்குகுளியில் மூச்சுப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை. உடம்புக்கோ கொடுமையான வேலை. பவளம் கீறிய புண் லேசில் ஆறாது, உள்ளே துணுக்கு தங்கிச் சீழ் வைக்கும். கரையில் கொட்டிய உயிர்ப்பவளம் அழுகி நாறும். மாமிசம் கழிந்து வெயிலில் வெளுத்தபிறகே காளவாசலுக்குப் போகும். கிளைவிட்டு வளரும் வகைகள் சல்லியாகச் சுண்ணாம்புக்கு, உருண்டையாக வளரும் வகைகள் கட்டடத்துக்கு என்று பிரித்துக்கொள்வார்கள்.

நெம்பிய மனிதனுக்குக் கிடைத்தது அன்றைய கூலி. இந்தக் கரையில் பாறை பெயர்க்கப்பட்டபோதெல்லாம் பழி அவன் தலையில்தான் விழுந்தது. பிற்காலத்தில் வழக்குப் பதிவானபோதும் பிடிபட்டவன் அவனே. காளவாசல் வைத்திருந்தவரையும், கல்லை வாங்கிய ஆலையையும் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. வரலாறு எழுதும்போது இந்தச் சமனின்மையைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.

கோபிநாத பிள்ளையைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். இந்தியக் கடல்களின் கற்பவளங்களை இனம் இனமாகப் பிரித்துப் பெயரிட்டுப் பட்டியலிட்டவர் அவர். தென்கிழக்குக் கரைக்கு அவர் கொடுத்த கணக்கு 37 பேரினங்களைச் சேர்ந்த 94 இனங்கள். பின்னால் வந்தவர்கள் அதை 117 ஆக உயர்த்தினார்கள் என்றாலும் அடிக்கல் அவருடையது. அவர் எண்ணிக்கொண்டிருந்தபோது பாறை பெயர்ந்துகொண்டிருந்தது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார், எழுதவும் செய்தார். அதே சமயம் அக்கால ஆய்வுக்கட்டுரைகளைப் படித்தால் ஒரு தத்தளிப்பும் தெரிகிறது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்குக் கடலிலிருந்து என்னென்ன செல்வம் கிடைக்கும் என்று கணக்குக் கொடுப்பது அந்த நிலையத்தின் கடமை. மீன் எவ்வளவு, சங்கு எவ்வளவு, பாசி எவ்வளவு, பவளம் எவ்வளவு. எடுக்கலாம் என்று சொன்ன பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே, இப்படி எடுத்தால் மிஞ்சாது என்றும் எழுதவேண்டியிருந்தது. முதல் பக்கத்தை எல்லாரும் படித்தார்கள். அடுத்த பக்கத்தைப் படிக்கவேண்டியவர்கள் படிக்கவில்லை.

பாறையை எடுத்தால் என்ன ஆகும்? மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையோரமாக நீளும் 21 தீவுகளைப் படத்தில் பாருங்கள். குருசடை, முயல் தீவு, மனோலி, அப்பா, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காரைச்சல்லி, வான் தீவு என்று நீளும் அந்த வரிசையில் ஒன்றுகூட மலைப்பாறைத் தீவு அல்ல. பவளத்தின் உடைசலும் மணலும் அலையால் குவிக்கப்பட்டு, மேலே செடி முளைத்துக் கெட்டிப்பட்டவை. அவற்றைச் சுற்றியுள்ள பாறை அலையின் விசையை முன்னால் வாங்கிக்கொள்ளும்வரை அவை நிற்கும். பாறையின் தலை தாழ்ந்தால் அலை நேராக மணலைத் தொடும். தூத்துக்குடிக் கூட்டத்தில் விலாங்குசல்லி, கீழக்கரைக் கூட்டத்தில் பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகளும் நீரில் மூழ்கிவிட்டன. ஆழமற்ற கடலில் அவை இருந்த இடம் நீருக்கடியில் மேடாக மட்டுமே இருக்கிறது. கடல்மட்ட உயர்வுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அரணைப் பெயர்த்ததே முதற்காரணம் என்று பின்னாளைய ஆய்வுகள் சொல்கின்றன. தூத்துக்குடிக்கு மிக அருகில் இருக்கும், அதனால் மிக அதிகமாக வெட்டப்பட்ட வான் தீவு, ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே வந்தது.

1977இல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி தொடங்கியது. அங்கிருந்த வெங்கடராமானுஜமும் உடனாய்வாளர்களும் 1981இல் மணிலாவில் கூடிய நான்காவது பன்னாட்டுப் பவளப்பாறை மாநாட்டில் தூத்துக்குடியின் பவளவளத்தையும் அதைக் காக்கும் வழிகளையும் பற்றிக் கட்டுரை படித்தார்கள். ஆக, மண்டபத்தில் சொன்னதையே பன்னிரண்டு ஆண்டு கழித்து மணிலாவில் மறுபடி சொல்லவேண்டி வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆபத்துகள் கூடியிருந்தன. 1974இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. 1979இல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது, அதன் சுடுநீரும் சாம்பலும் அருகிலிருந்த கடலைத் தொட்டன. இழுவைமடிப் படகுகள் பெருகின. இவை ஒவ்வொன்றும் தனித்தனி அத்தியாயம் கேட்பவை, இங்கே பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

1986 செப்டம்பரில் 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். காகிதத்தில் கடல் காக்கப்பட்டுவிட்டது. ஆனால் கடப்பாரை நிற்கவில்லை. காட்டுக்குள் ரோந்து போகப் பழகிய வனத்துறைக்குக் கடலில் ரோந்து புதிது, படகு குறைவு. பவளம் தனியொரு உயிரினமாகச் சட்டத்தின் பட்டியலிலும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் புலியையும் யானையையும் காத்தது. கற்பவளங்கள் அதன் முதல் அட்டவணையில் ஏறியது 2001இல். மண்டபம் கருத்தரங்குக்கும் இதற்கும் இடையில் 32 ஆண்டுகள். ஆண்டுக்கு 60,000 கன மீட்டர் என்ற வேகத்தில் இல்லாவிட்டாலும், இந்த முப்பத்திரண்டு ஆண்டும் கல் கரையேறிக்கொண்டேதான் இருந்தது.

சட்டம் வந்தும் திருட்டு வள்ளங்கள் போயின. அவற்றை ஓயவைத்ததில் 2004 டிசம்பர் 26க்குப் பங்கு உண்டு. ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் கரையை இலங்கைத் தீவு மறைத்துக்கொண்டதால் நாகப்பட்டினத்துக்கு நேர்ந்தது இங்கே நேரவில்லை. தீவுகளும் பாறையும் அலையைத் தடுத்தன என்ற பேச்சும் கரையோர ஊர்களில் பரவியது. அந்தப் பேச்சில் எவ்வளவு கணக்குக்கு நிற்கும் என்பது வேறு. ஆனால் ஆய்வாளர்கள் முப்பது ஆண்டு எழுதியும் ஏறாத செய்தி அந்த ஒரு காலைப்பொழுதில் ஏறியது. 2005இல் கல்லெடுப்பு ஏறத்தாழ முற்றாக நின்றது.

அந்த நேரத்தில் பாறையின் உடல்நிலை என்ன என்பதை நாம் அறிவது, தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தால். அதன் இயக்குநர் ஜே.கே. பேட்டர்சன் எட்வர்டும் அவருடைய குழுவும் 2003 முதல் 2005 வரை 21 தீவுகளையும் நீருக்கடியில் அளந்தார்கள். சுமார் 110 சதுர கிலோமீட்டர் பாறையில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே பாழாகிக் கிடந்தது.

அளப்பது என்றால் எப்படி? கடலடியில் பாறைமேல் ஒரு நாடாவை இழுத்துப் பிடித்துக் கட்டுகிறார்கள். முங்கியவர் அதன்மேல் மெல்ல நகர்ந்துகொண்டே, நாடாவின் கீழே இருப்பதைச் சென்டிமீட்டர் கணக்கில் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிக்கிறார். இங்கிருந்து இதுவரை உயிர்ப்பவளம், இங்கே செத்த பவளம், இங்கே பாசி, இங்கே மணல், மறுபடி பவளம். நீரோட்டம் இழுக்கும், கலங்கல் கண்ணை மறைக்கும், கையிலிருக்கும் பலகையை அலை தட்டிவிடும். ஒரு தீவுக்குப் பல நாடாக்கள், 21 தீவுகள். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் ஒரேயோர் எண் கிடைக்கும்: பாறையில் உயிரோடு இருக்கும் பங்கு. அந்தக் கணக்கெடுப்பில் அது சுமார் 37 சதவீதம்.

நான்கு ஆண்டு கழித்து 2009இல் அதே எண் 43 சதவீதத்தை நெருங்கியது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. யாரும் எதையும் நடவில்லை, பெரிதாகச் செலவு செய்யவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தோம், அவ்வளவுதான். பாறை தானாகவே தழைத்தது. 1969இல் சொன்னதை 1970இல் கேட்டிருந்தால் எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அதற்கு முன்பே இன்னொரு ஆபத்து முகம் காட்டிவிட்டது. பவளப்பூச்சியின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கிச் சமைத்து வீட்டுக்காரருக்குச் சோறு போடுவது அந்தப் பாசி. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அதனுடையதே. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி ஏறி வாரக்கணக்கில் நீடித்தால் இந்த உறவு முறிகிறது. பாசி வெளியேறுகிறது. தசை கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளிருக்கும் வெள்ளை எலும்பு தெரிகிறது. இதுதான் வெளுப்பு. வெளுத்ததும் பவளம் உடனே செத்துவிடுவதில்லை. சில வாரங்களுக்குள் வெப்பம் தணிந்தால் பாசி திரும்பிவரும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும்.

பங்குனி, சித்திரையில் காற்று விழுந்து இந்தக் கடல் அசையாமல் கிடக்கும். பிறகு கச்சானும் சோழகமும் எழுந்து நீரைக் கலக்கினால் வெப்பம் இறங்கும். காற்று வரத் தாமதமானால் பவளத்துக்குச் சோதனை. 1998இல் எல் நினோவின் வெப்பம் உலகக் கடல்கள் எங்கும் பவளத்தை வெளுத்தபோது, ரோஹன் ஆர்தர் என்ற ஆய்வாளர் இந்தியாவின் மூன்று பகுதிகளை அந்த ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில் பார்த்தார். கட்ச் வளைகுடாவில் பவளப்பரப்பில் சராசரியாக 11 சதவீதம் வெளுத்திருந்தது. லட்சத்தீவில் 82. மன்னார் வளைகுடாவில் 89. கடப்பாரைக்குத் தப்பி நின்றதில் பத்துக்கு ஒன்பது பங்கு வெளுத்துப்போன கோடை அது. சட்டப்பட்டியலில் பவளம் ஏறுவதற்கு இன்னும் மூன்று ஆண்டு இருந்தது.

2010இல் மறுபடி வெளுப்பு. 43ஐ நெருங்கிய எண் கீழே இறங்கியது. ஐந்தாறு ஆண்டில் மெல்ல மெல்ல ஏறி 38.9 சதவீதத்துக்கு வந்தது. 2016 கோடையில் நீர் மீண்டும் கொதித்தது. தணிந்தபின் எட்வர்ட் குழு நாடாவை இழுத்து அளந்தபோது கிடைத்த எண் 22.7. ஒரே கோடையில் பதினாறு சதவீதப் புள்ளி போய்விட்டது. முதலில் வீழ்ந்தவை கிளைவிட்டு வேகமாக வளரும் வகைகள். மீன்குஞ்சுக்கு ஒளிய இடம் கொடுப்பவை அவைதாம். உருண்டையாக மெதுவாக வளர்பவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

ஆய்வின் தன்மையே இங்கே மாறிவிடுகிறது. மகாதேவனும் நாயரும் பார்த்த ஆபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. வள்ளம் எங்கிருந்து கிளம்பியது, கல் எந்தக் காளவாசலுக்குப் போனது என்று விரலை நீட்டிக் காட்டலாம். ஒரு மாவட்ட ஆட்சியர் மனது வைத்தால் நிறுத்தியிருக்கலாம். 2016இல் நாடாவைப் பிடித்தவர்கள் அளந்த ஆபத்தோ உலகின் எல்லாப் புகைபோக்கிகளிலிருந்தும் வருகிறது. ராமநாதபுரத்து மீனவர் அதற்குச் செய்த பங்கு மிகச் சிறியது, அனுபவிக்கும் பங்கு பெரிது.

இதற்கிடையில் நாமே கொண்டுவந்து விட்ட ஆபத்து ஒன்றும் உண்டு. கப்பாபைகஸ் என்ற கடற்பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை பலவற்றைக் கெட்டிப்படுத்தும் கராஜீனன் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. 1990களின் நடுவில் ஆய்வுக்காக மண்டபத்துக்கு வந்தது, பிறகு பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்பட்டது. பல குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது நல்ல வருமானம். 2008இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் சந்திரசேகரனும் உடனாய்வாளர்களும் குருசடைத் தீவில் அந்தப் பாசி உயிர்ப்பவளத்தின் மேல் படர்ந்து மூடியிருப்பதை வெளியிட்டார்கள். வெயில் கிடைக்காமல் மூடப்பட்ட பவளம் செத்துப்போகிறது. வளர்ப்பை ஆதரித்த ஆய்வாளர்கள் மறுத்தார்கள், சண்டை இன்றுவரை ஓயவில்லை. தீவுப் பக்கத்தில் அந்தப் பாசியை இன்றும் கையால் பிய்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, எச்சரித்தவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

அந்தக் கரையிலேயே இயற்கையாக வளரும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் தலைமுறையாக எடுத்துவரும் பெண்களையும் இங்கே சொல்லவேண்டும். விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, புடவைக்கு மேல் சட்டை போட்டு முங்குகிறவர்கள். பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு தீவுப் பக்கம் போவதே குற்றமாகி, அபராதமும் அவமானமும் இவர்கள்மேல் விழுந்தன. அவர்கள் சங்கமாகக் கூடித் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்: மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை. எந்த ஆய்வு நிலையமும் அதை எழுதிக் கொடுக்கவில்லை. பாசி மறுபடி முளைக்க வேர்ப்பிடி பாறையில் இருக்கவேண்டும் என்பது முங்கி முங்கி அவர்கள் அறிந்தது. காப்பகத்தின் மேலாண்மைத் திட்டங்களில் இந்த அறிவுக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

அழிந்ததை மீட்கும் முயற்சியும் தூத்துக்குடியில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்தது. உடைந்து கிடக்கும் உயிர்ப்பவளத்தில் விரல் நீளத் துண்டுகளை எடுத்துச் சிமெண்ட் பலகையில் கயிற்றால் கட்டிக் கடலடியில் இறக்குகிறார்கள். சில மாதத்தில் பவளம் கயிற்றின்மேலேயே தசையை வளர்த்துப் பலகையைப் பற்றிக்கொள்கிறது. வான் தீவுக்கு இது மட்டும் போதாது என்பதால், 2015 முதல் தமிழ்நாடு அரசு சென்னை ஐஐடியோடும் சுகந்தி தேவதாசன் நிலையத்தோடும் சேர்ந்து வேறொரு வழியை எடுத்தது. அடி அகன்று, தலை குறுகி, நடுவில் துளைகள் விட்ட கான்கிரீட் கட்டமைப்புகள் ஆயிரக்கணக்கில் தீவின் முன்னால் வரிசையாக இறக்கப்பட்டன. அலை அவற்றில் மோதி வலுவிழந்து தீவைத் தொடுகிறது. துளைகளில் மீன் தங்குகிறது, மேலே பவளக்குஞ்சு ஒட்டுகிறது. கரைந்துகொண்டிருந்த மணல் மெல்லச் சேரத் தொடங்கியது. அடுத்து மூழ்கும் நிலையிலுள்ள காரைச்சல்லித் தீவுக்கும் இதே வேலையைச் செய்ய அரசு முன்வந்திருக்கிறது.

பவளத்தைப் பெயர்த்துச் சுண்ணாம்பாக்கிக் கட்டடம் கட்டிய கரையில், இப்போது சுண்ணாம்புக்கல்லைச் சுட்ட சிமெண்டால் பவளம் இருந்த இடத்தை நிரப்புகிறோம். ஒரு கட்டமைப்புக்கு ஆகும் செலவையும், அதை இறக்கும் மிதவைக்கும் ஆட்களுக்கும் ஆகும் செலவையும் கூட்டி, அன்று நெம்பியெடுத்த கல்லின் விலையோடு யாராவது ஒரு பொருளாதார மாணவர் ஒப்பிட்டு ஆய்வேடு எழுதவேண்டும். கான்கிரீட் அலையைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்காது. அதன்மேல் ஒட்டிய பவளக்குஞ்சும் அடுத்த கோடையில் காற்று எப்போது எழும் என்பதையே நம்பியிருக்கிறது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம் அறிவித்தது.

அடுத்த வாரம் பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிக்குப் போவோம். மண்டபம் நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ், வலையில் சிக்கிய கடற்பசுக்களைத் தொட்டியில் வைத்துப் பல ஆண்டு வளர்த்து, அவற்றின் பழக்கவழக்கங்களைக் குறித்துவைத்து 1967இல் வெளியிட்டார். அந்தக் குறிப்புகளிலிருந்து 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது வரை ஐம்பத்தைந்து ஆண்டுக் கதை.

(தொடரும்)